பேராசிரியர் தம்பையா என்ன செய்தார்?

(கிராம வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்திற்கு வந்து வாசலிலே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோது ஒரு தாயார் என்னை மறித்தார். தம்முடைய மகளுக்குப் பல்கலைக்கழகத்திலே சமூகவியல் படிக்க இடம் கிடைத்திருப்பதாகவும், அதைப் படித்துவிட்டு அவள் என்ன உத்தியோகம் பார்ப்பாள் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் சொன்னார். வைத்தியர் என்றால் ஊசி போடுவார். பொறியியலாளர் என்றால் பாலம் கட்டுவார். நொத்தாரிசு என்றால் உறுதி முடிப்பார். சமூகவியல் ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? இதுதான் அவருடைய கேள்வி. நான் வேறொரு பொருளைப்பற்றிப் பேசவே வந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்ட பின்னர் அப்பொருளை ஒதுக்கிவைத்துவிட்டேன்.

இலக்கணம் சொல்லி இதற்கு விடை கூறுவதில் பயனில்லை. ஒரு மனிதரின் வாழ்வைச் சொல்கின்றேன். அவர் நம் இனத்தவர். பெயர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. 1929ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமொன்றிலே பிறந்தார், கல்கிசை சென். தோமஸ் கல்லூரியிலே படித்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலே 1951இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் சமூகவியல் நம் நாட்டுக்குப் புதிய துறை. பிறைஸ் றையன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதனை இங்கே கற்பித்து, இலங்கையின் சாதி அமைப்பைப்பற்றி ஒரு நூலும் எழுதினார். தம்பையா அமெரிக்காவிலுள்ள கோர்ணெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1954இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1955இலிருந்து பேராதனையிலே விரிவுரையாளராக இருந்தார்.

திரும்பி வந்த இளைஞர் முதலில் செய்த காரியங்களில் ஒன்றைக் கவனியுங்கள். 1870 தொடக்கம் 1946 வரை இலங்கையின் உயர் நிருவாக சேவைகளிலே எந்த இனத்தவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் எண்ணினார். எண்ணிய கணக்கை 1955இல் பல்கலைக்கழகச் சஞ்சிகையிலே வெளியிட்டார். பறங்கியரும் இலங்கைத் தமிழரும் தங்கள் சனத்தொகை வீதத்துக்கு மேலாகவே அப்பதவிகளில் இருந்தார்கள் என்பதை அக்கணக்குக் காட்டியது. 1955 எத்தகைய ஆண்டு என்பது முதியவர்களுக்கு நினைவிருக்கும். "சிங்களம் மாத்திரம்" என்ற கோஷம் ஊர் ஊராய் ஏறிக்கொண்டிருந்த ஆண்டு. அந்த வேளையில் ஒரு தமிழர் இப்படியான கணக்கை அச்சேற்றுவதா என்று நம்மவர் சிலர் முகஞ்சுளித்திருக்கக் கூடும். இன்றுங்கூட அதைச் சொல்லும்போது சபையிலே இரண்டொருவர் அசைந்து உட்காருவதைக் காண்கின்றேன்!

ஆனால் எண்ணாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? எதிரி தன் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருப்பான். நாமும் நம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருப்போம். உண்மையான எண் கையிலிருந்தால்தான் அதற்குரிய காரணத்தையும் பேசலாம். மிஷன் பாடசாலைகள் வடக்கிலே நெருக்கமாக இருந்தமை, துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தாலும் குடும்பத்தைத் தாங்காத சிறு காணிகள், அதனால் ஒரு பிள்ளையையாவது உத்தியோகத்துக்கு அனுப்பவேண்டியிருந்த நிலை, இவற்றை எல்லாம் எடுத்துச் சொல்லலாம். எண்ணை மறைப்பவன் காரணத்தையும் சேர்த்தே இழக்கின்றான் என்பது என் அபிப்பிராயம்.

காணியும் கலியாணமும்

இங்கே கமக்காரர் பலர் இருக்கின்றீர்கள். ஆகையால் அடுத்த விடயத்திலே சற்று அதிக நேரம் நிற்கின்றேன்.

கண்டிக்கு அண்மையிலே பாத்ததும்பறை என்றொரு பிரிவு உண்டு. அங்குள்ள சிங்களக் கிராமங்களிலே தம்பையாவும் சார்க்கார் என்ற பொருளியலாளரும் மாணவர்களை அழைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்கள். எவ்வளவு வயல், யாருக்குச் சொந்தம், யார் உழுகின்றார், விளைச்சலில் எவ்வளவு யாருக்குப் போகின்றது, கடன் எவ்வளவு என்று கேட்டார்கள். 1957இலே அது நூலாக வந்தது. "சிதைந்துவரும் கமச் சமுதாயம்" என்பது அதன் தலைப்பின் பொருள். பசுமையான வயலும், ஒற்றுமையான ஊரும், விகாரையின் மணியோசையும் என்று அரசியல் மேடைகளிலே சித்திரிக்கப்பட்ட சிங்களக் கிராமத்துக்குள்ளே, வயலே இல்லாத குடும்பங்களும், பங்கு பங்காக உடைந்துபோன துண்டுகளும், அரைவாரத்துக்கு உழுது பாதி நெல்லைக் கொடுத்துவிட்டு நிற்கும் மனிதரும், வெளியாரின் கையிலிருந்த காணிகளும் இருப்பதை அந்நூல் காட்டியது. அடுத்த ஆண்டு, 1958இல், பிலிப் குணவர்த்தன வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. எந்த நோய்க்கு அந்தச் சட்டம் மருந்தாக வந்ததோ, அந்த நோயைக் கிராமத்துக்குள்ளே சென்று நாடிபிடித்துப் பார்த்தவர்களுள் ஒரு தமிழரும் இருந்தார் என்றே சொல்கின்றேன்.

சிங்களக் கிராமங்களிலே "தட்டுமாறு" என்றொரு முறை உண்டு. நம் காதுக்கு அது அந்நியமான சொல்லாகத் தோன்றாது. முதுசமாக வந்த வயல் உடைத்துப் பங்கிட முடியாதபடி சிறுத்துவிட்டால், சகோதரர்கள் வரம்பு வெட்டிப் பிரிப்பதில்லை. இந்த வருடம் மூத்தவன் முழு வயலையும் செய்வான். அடுத்த வருடம் இளையவன். அவன் பிள்ளைகளுக்கு அந்த முறை இறங்கும்போது அவர்களுடைய தவணை பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். தன் முறைக்காகக் காத்திருப்பவன் அந்த நிலத்துக்கு எருப்போடுவானா, வாய்க்கால் திருத்துவானா? உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கண்டிச் சிங்களவரிடையே கலியாணம் முடித்த பெண் கணவன் வீட்டுக்குப் போவதும் உண்டு. கணவன் பெண் வீட்டுக்கு வருவதும் உண்டு. முன்னதைத் தீக என்பார்கள். பின்னதைப் பின்ன என்பார்கள். இவற்றுள் எது நடக்கும் என்பதிலே காணிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைத் தம்பையா 1958இல் வெளியிட்ட கட்டுரையிலே ஆராய்ந்தார். உறவும் காணியும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்பது அவருடைய கருத்து.

இதே கண்ணோடு பின்னர் நம்முடைய வழக்கத்தையும் பார்த்தார். 1973இலே ஜாக் கூடி என்ற ஆங்கிலேய மானிடவியலாளருடன் சேர்ந்து சீதனத்தைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிலே யாழ்ப்பாணத் தேசவழமையும் ஆராயப்படுகின்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூன்று பாகுபாடும் நம்மில் நொத்தாரிசுமார் அனைவருக்கும் மனப்பாடம். 1707இலே ஒல்லாந்தர் எழுத்தில் வைத்தது அது. சீதனம் என்பது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் விலையன்று. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பெண்பிள்ளைக்கு இறங்கும் அவளுடைய சொத்து என்ற அடிப்படையிலே தம்பையா அதனை விளக்கினார். இன்று நம்மூரில் சீதனம் என்ற பெயரிலே மாப்பிள்ளை வீட்டார் கேட்கின்ற "டொனேசன்" காசு எந்த வகையைச் சேர்ந்தது? அந்தக் காசு பெண்ணின் கையை ஒருநாளும் தொடுவதில்லை. இது என் கேள்வி. பேராசிரியர் தலையில் இதைச் சுமத்த வேண்டாம்.

கல்லோயாவும் அதன் பின்னரும்

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி.

பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையிலே அணைகட்டிய கல்லோயாத் திட்டம் 1949இலே தொடங்கியது. பிற மாவட்டங்களிலிருந்து சிங்களக் குடும்பங்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. 1956 ஜூன் மாதத்திலே தம்பையா, சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்த ஒரு குழுவுடன் அங்கே ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்தார். ஜூன் 5ஆந் திகதி அரசகரும மொழி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டார்கள். சில நாட்களில் கல்லோயா எரிந்தது. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்ற அந்த இளம் விரிவுரையாளர், வதந்தி வாய்க்குவாய் மாறி வளர்வதையும், அபிவிருத்திக்கென வாங்கிய வாகனங்கள் கொலைக்கு ஓடுவதையும் காணும் நிலைக்குள்ளானார். சுதந்திர இலங்கையின் முதலாவது பெரிய இனக்கொலை அது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதனை அவர் மறக்காமல் எழுதினார்.

1956க்குப் பின் 1958 வந்தது. 1960இலே தம்பையா யூனெஸ்கோவின் பணியிலே தாய்லாந்துக்குப் புறப்பட்டார். நான் எவ்வித விளக்கமும் சொல்லாமல் இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக உங்கள்முன் வைக்கின்றேன்.

தாய்லாந்தின் வடகிழக்கிலே உடோன் மாகாணத்திலுள்ள ஒரு நெற்செய்கைக் கிராமம் அவருடைய ஆராய்ச்சிக்களமாயிற்று. பௌத்தர்களின் பெயரால் அடிபட்ட இனத்தைச் சேர்ந்தவர் பௌத்தக் கிராமத்துக்குள்ளே சென்று என்ன எழுதியிருப்பார் என்று எண்ணுகின்றீர்கள்? காழ்ப்பு ஒரு வரியிலும் இல்லை. அக்கிராமத்து இளைஞர் ஒரு மாரிகாலமாவது துறவாடை தரித்து விகாரையில் இருப்பார்கள். அதனாலே வரும் புண்ணியம் பெற்றோருக்கும் பெரியோருக்கும் சேரும். பெரியவர்களோ இளைஞரின் மணிக்கட்டிலே நூல் கட்டி, அலைந்த உயிரை அழைத்து நிறுத்தும் சடங்கைச் செய்வார்கள். இளையோர் முதியோருக்குக் கொடுப்பது ஒன்று. முதியோர் இளையோருக்குக் கொடுப்பது மற்றொன்று. விகாரையிலே ஏடு படிக்கப் பழகியவன் பின்னர் குடும்பஸ்தனாகி, ஊருக்குச் சடங்கு நடத்துபவனாகவும் வைத்தியனாகவும் இருப்பான். புராணபடனம் படித்துப் பயன்சொல்லிய நம் பாட்டன்மாரை அறிந்தவர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. 1970இல் வந்த அந்நூலைத் தொடர்ந்து, பௌத்தமும் அரசும் தாய்லாந்து வரலாற்றிலே இணைந்திருந்த விதத்தை 1976இலும், வனவாசத் துறவிகளையும் தாயத்து வழிபாட்டையும்பற்றி 1984இலும் பெருநூல்கள் எழுதினார்.

1976 நூலிலே ஒரு கருத்து உண்டு. அது நம் அரசியலுக்கு மிக அருகில் நிற்பதால் சொல்லாமல் போக மனமில்லை. தென்கிழக்காசியாவின் பழைய இராச்சியங்கள் இன்றைய தேசப்படத்திலே கோடு கீறியதுபோல எல்லை வகுத்தவையல்ல. நடுவிலே ஒரு பெரிய அரசன், சுற்றிலும் சிற்றரசர், மையத்தைவிட்டு விலக விலக அதிகாரம் மங்கிக்கொண்டே போகும், ஓரத்திலுள்ளவர் திறைகொடுத்துவிட்டுத் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வர். வான்மண்டலத்தைப்போன்ற இந்த அமைப்பை விளக்க அவர் ஒரு புதுப்பெயரே இட்டார். இலங்கையின் பழைய இராச்சியங்களையும் அவ்வாறே நோக்கலாம் என்று பின்னர் எழுதினார். அப்படியானால் இந்தத் தீவு முழுவதும் ஒரே செங்கோலின்கீழ், ஒரே மாதிரியாக, ஆதிகாலந்தொட்டு ஆளப்பட்டுவந்தது என்ற கதை என்னாவது? தீவு முழுவதையும் ஒரே நிருவாகமாக இணைத்தது 1833இன் கோல்புறூக் சீர்திருத்தம். ஒற்றையாட்சியைப் புனிதமான பழம்பொருள் என்று பேசுவோர் இதனைச் சிந்திக்கலாம்.

அவருடைய உத்தியோக வரலாற்றை விரைந்து சொல்லிவிடுகின்றேன். 1963 தொடக்கம் கேம்பிரிட்ஜ். அங்கே எட்மண்ட் லீச்சின் தோழமை. அநுராதபுரப் பகுதியிலே புல்எலிய என்ற சிறு கிராமத்தின் குளத்தையும் வயலையும் ஆராய்ந்த அதே லீச்தான். 1973 தொடக்கம் சிக்காக்கோ. 1976இலிருந்து 2001இல் ஓய்வுபெறும்வரை ஹாவாட். 1997இலே உலகப் புகழ்பெற்ற பல்சான் பரிசு. 1998இலே யப்பானின் புக்குவோக்கா நகரத்து ஆசியப் பண்பாட்டுப் பரிசு. பரிசுகளைச் சொன்னால்தான் நம்மவர் தலைநிமிர்ந்து கேட்பார்கள் என்பதால் அவற்றையும் சொன்னேன்.

ஆடி 1983

அமெரிக்காவிலே புகழோடு இருந்த பேராசிரியர் தாய்லாந்தைப்பற்றி மாத்திரம் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம். 1983 ஜூலை அவரை விடவில்லை. 1986இலே இலங்கையின் இனக்கொலையையும் சனநாயகம் சிதைக்கப்பட்டதையும்பற்றி ஒரு நூல் எழுதினார். இது எட்டநின்று எழுதிய ஆராய்ச்சியன்று, ஈடுபாட்டோடு எழுதிய அரசியல் நூல் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். கொழும்பிலே வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிய கும்பலை, தானாகப் பொங்கிய கோபம் என்று சொல்ல முடியாது என்பதை எடுத்துக்காட்டினார். அதே நூலிலே, தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் பலர் காலப்போக்கிலே சிங்களச் சாதிகளாக மாறியமையையும் காட்டினார். இரண்டாயிரம் வருடமாகத் தொடரும் தீராப்பகை என்ற கதையை இரு பக்கத்திலும் வளர்ப்போருக்கு இது உவப்பாக இருந்திராது.

1992இலே "பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா?" என்று வினாவாகவே தலைப்பிட்டு மற்றொரு நூல் வந்தது. துறவிகளுட் சிலர் அரசியலில் இறங்கி, அகிம்சையைப் போதிக்கும் சமயத்தின் பெயரால் வன்முறைக்கு இடங்கொடுத்தது எவ்வாறு என்பதே அதன் ஆராய்ச்சி. தென்னிலங்கையிலே கண்டனமும், தடைசெய்ய வேண்டும் என்ற கூக்குரலும் எழுந்தன. பௌத்தக் கிராமத்தின் பக்தியை அத்தனை மதிப்போடு எழுதிய அறிஞரைப் பௌத்தத்தின் விரோதி என்றார்கள். கூக்குரலிட்டவர்களில் எத்தனைபேர் தாய்லாந்து நூல்களைத் திறந்தார்களோ தெரியாது.

1996இல் வந்த நூலைப்பற்றி ஓர் உதாரணத்துடன் சொல்கின்றேன். இலங்கை, டில்லி, கராச்சி ஆகிய இடங்களிலே நடந்த கலவரங்களை ஒப்பிட்டு எழுதியது அது. கலவரம் எப்படிப் பருக்கின்றது? ஒரு குடியேற்றத்திட்டத்திலே ஒரு தமிழருக்கும் ஒரு சிங்களவருக்கும் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியதால் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால், யார் முறை, முன்னே என்ன பகை என்பதெல்லாம் ஊராருக்குத் தெரியும். செய்தி நான்கு கட்டை தாண்டும்போது வாய்க்கால் மறைந்துவிடும், முறை மறைந்துவிடும், "ஒரு தமிழன் ஒரு சிங்களவனை அடித்தான்" என்பது மாத்திரம் எஞ்சும். இன்னும் தூரம் போனால் அந்த இருவரும் மறைந்து, இனத்துக்கு இனம் ஆபத்து என்றாகிவிடும். விவரத்தைக் கழித்தல் முதற்படி. பெரிய இலட்சியத்தின் பெயரை ஏற்றுதல் இரண்டாம் படி. இதற்கு எதிர்த்திசையும் உண்டு: தலைநகரிலே எழுந்த கோஷம் கிராமத்துக்கு இறங்கி, கடைப்போட்டியும் காணிப்பகையும் அதன் போர்வைக்குள்ளே பழிதீர்த்துக்கொள்ளும். கல்லோயாவிலே இளைஞராக நின்று கண்டதை, அறுபத்தேழு வயதிலே இப்படிப் படிப்படியாகப் பிரித்துவைத்தார்.

இந்த அளவுகோலை நாம் மற்றவருக்கு மாத்திரம் வைத்துப் பார்ப்பது நேர்மையாகாது. 1968இலே மாவிட்டபுரம் ஆலய வாசலிலே நம்மவரை நம்மவர் மறித்தபோது நாம் யார்? 1990 ஒக்டோபரிலே வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் விட்டுச்சென்ற வீட்டையும் காணியையும் எண்ணி எழுதிவைத்தவர் நம்மிலே எத்தனை பேர்? சொல்வதற்கு எனக்கும் இன்பமில்லை. 1955இலே தம் இனத்தின் கணக்கை மறைக்காமல் அச்சேற்றிய மனிதரைப்பற்றிப் பேச வந்துவிட்டு இதனை விழுங்கிக்கொண்டு போக என்னால் இயலாது.

2014 ஜனவரி 19ஆந் திகதி, எண்பத்தைந்தாம் வயதிலே, அமெரிக்காவிலே பேராசிரியர் காலமானார்.

அந்தத் தாயாருக்கு நான் கடன்பட்டிருக்கின்றேன். அம்மா பின்வரிசையிலே, தூணுக்கு அருகில் அமர்ந்திருக்கின்றார். இந்த வாசிகசாலையைச் சுற்றி எத்தனை பரப்புக் காணி உழுபவர் கையில் இருக்கின்றது? எத்தனை பரப்பு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் பெயரில் இருக்கின்றது? எத்தனை வழக்கிலே கிடந்து பற்றை மண்டியிருக்கின்றது? எத்தனை கிணறு உவராகிவிட்டது? குத்தகைக்குச் செய்பவர் எத்தனை பேர். அவர்களில் எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் துண்டு துண்டாக ஏதோ இருக்கலாம். இந்தச் சபையிலே யாராவது எழுந்து முழு விடையையும் சொல்வீர்களானால் நான் இருக்கையில் அமர்ந்துவிடுகின்றேன்.

ஒருவரும் எழவில்லை. அம்மா, உங்கள் மகள் பார்க்கப்போகும் உத்தியோகம் இதுதான். சம்பளத்தைப்பற்றி நான் உறுதிசொல்ல மாட்டேன். வகுப்புத் தொடங்குவதற்கு இன்னும் நாள் இருக்கின்றதென்றால், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இந்த ஒழுங்கையின் முதல் வீட்டிலிருந்து கிணறுகளை எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து விடைசொல்லும்படி மற்றவர்களை நான் கேட்டுக்கொள்கின்றேன்.